காப்பு இல்லாதவர்கள்

பள்ளிக்கூடத்தில் என்னைக் காப்பிலி என்று கூப்பிட ஆரம்பித்தபோது, காப்பு இல்லாதவள் என்றுதான் அதற்கு அர்த்தம் வைத்துக்கொண்டேன். கையில் காப்பு இல்லை, ஆகவே காப்பிலி. நியாயமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து உம்மாவிடம் காப்பு கேட்டு அழுதேன். உம்மா என் சுருட்டை முடியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளே கடுகண்ணாவைக் கடைத்தெருவில் சிவப்புக் காப்பு வாங்கித் தந்தார். பிள்ளைகள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. போட்டது காணாது, இன்னும் வேண்டும் போலும் என்று நினைத்தேன்.

உம்மாவின் நானா, அதாவது என் மாமா, கணவாய்ப் பாதையில், வீதிக்காகப் பாறையைக் குடைந்த துளைக்குக் கீழே தனியாக இருந்தார். பஸ்காரர்கள் அந்த இடத்தைக் காப்பிலித் தோட்டம் என்பார்கள். மாமி மௌத்தாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. காப்புப் போட அங்கே ஒரு பெண்ணும் இல்லாததால் பெயர் பொருத்தம்தான் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன்.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். உம்மாவின் முன்னோர்களை வெள்ளைக்காரன் ஆபிரிக்காவிலிருந்து சிப்பாய்களாகக் கப்பலில் கொண்டுவந்தான். கண்டிச் சண்டை ஓய்ந்ததும் துவக்கைப் பிடுங்கிக்கொண்டு அலவாங்கைக் கொடுத்தான். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதிக்காக மலையை வெட்டியவர்களில் அவர்களும் இருந்தார்கள். வீதி முடிந்தது, திரும்பிப் போகக் கப்பல் வரவில்லை. அங்கேயே சரிவில் காட்டை அழித்து, பலாவும் மிளகும் நட்டு, பக்கத்து ஊர்களில் பெண்ணெடுத்துக் குடியாகிவிட்டார்கள். அவர்களில் உம்மாவின் மூதாதை ஒருவர் கலிமா சொல்லி, முஸ்லிமாகி, எங்கள் ஆட்களில் ஒருவரானார். வீதி போட்ட துரைக்குக் கோபுரம் கட்டினார்கள். மலையை வெட்டியவர்களுக்குக் காப்பிலி என்று ஒரு பட்டப்பெயர் கிடைத்தது.

என் அக்காவுக்கு, ராத்தாவுக்கு, குண்டசாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த சம்பந்தம் ஒன்று, உம்மாவின் வழியை யாரோ விசாரித்ததில் நின்றுபோயிருந்தது. ராத்தா அதன்பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள். இந்தச் சம்பந்தமும் போனால் அவளுக்கு இனி ஆரும் வரமாட்டார்கள் என்று உம்மா பயந்தார். மாமாவுக்குப் போன் எடுத்து, "நானா, தொப்பி போட்டுட்டு வாங்கொ" என்று மட்டும் சொன்னார்.

மாமா காலையிலேயே தன் த்ரீவீல் ஆட்டோவில் பலாப்பழமும் தயிர்ச் சட்டிகளும் ஏற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றினார். என்னுடையதைப் போலவே இருந்த சுருட்டை முடியைக் காணோம், தலை மொட்டை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். உம்மா சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார்.

தயிர்ச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் உம்மா வாசலில் நின்று மாமாவை ஏற இறங்கப் பார்த்து, "இவரு ஆரு?" என்று கேட்டார். என் உம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமா, "நான் சாமான் கொண்டுவந்த த்ரீவீல்காரன்" என்றார். அந்தப் பெண் உள்ளே போகும்போது தன் மகளிடம், "பாத்தா காப்பிலி மாதிரி ஈக்கி" என்றார்.

எனக்கு மாமா மேல் பரிதாபமாகிவிட்டது. ஒரு காப்பைக் கழற்றிக்கொண்டு த்ரீவீலுக்கு ஓடினேன்.

"மாமா, ஒங்களயும் காப்பிலின்னு செல்றாங்க. இதப் போட்டுக்கோங்கொ."

மாமா காப்பை வாங்கிப் பார்த்தார். "இது போட்டா செரியாகுமா மகள்?"

"ஒண்டு காணாது. ஆனாலும் போடுங்கொ."

அது அவருடைய விரல்களைத் தாண்டவில்லை. காப்பை என் கையிலேயே மறுபடி மாட்டிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். ஏன் சாப்பிடாமல் போகிறார் என்று கேட்டேன். ஆளேற்றிப் போக ஹயர் ஒன்று இருக்கிறது என்றார்.

உள்ளே பாய் விரித்துச் சகன் வைத்திருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் அந்தப் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வந்த ஆண்கள் நாலு பேர், வாப்பா ஐந்தாவது. உம்மா எண்ணித்தான் ஆறு பேருக்கு வைத்திருக்கிறார்.

மாப்பிள்ளையின் வாப்பா நல்ல மனிதர். சோற்றில் கை வைக்காமல், "ஒத்தர் குறையுதே, இன்னம் ஆரு வர ஈக்கி?" என்று கேட்டார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"ஒத்தரும் இல்ல. நீங்க சாப்பிடுங்கொ."

அவர் சிரித்து என்னை இழுத்து அந்த இடத்தில் உட்கார வைத்தார். பெரிய கோழித் துண்டொன்றை என் பக்கம் தள்ளினார். அன்றே கல்யாணம் பேசி முடிந்தது. ராத்தா இன்றும் நன்றாக இருக்கிறாள். மாமா அதன்பிறகு எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. உம்மாவும் அவரைக் கூப்பிட்டதில்லை, எந்த வாயால் கூப்பிடுவார். ஆண்களோடு சமமாகச் சகனில் உட்கார்ந்ததை நான் பல நாள் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். உம்மா தன் கூடப்பிறந்தவரை இல்லையென்று சொல்லி முடித்த இடத்தில்தான் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது அன்று எனக்குத் தெரியாது.