என்ஜின் மூடியில் வைத்த பெட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் நான் புத்தளத்தில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மெலிந்தவர், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். டிக்கெட்டை ஓயாமல் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அண்ணை, இதை ஒருக்காப் பிடிப்பியளோ?" என்று மடியிலிருந்த சிறிய ஐஸ் பெட்டியைத் தந்துவிட்டுக் கண்ணயர்ந்தார். என் கால் மரத்துப்போனதும், எல்லோரும் சாமான் வைக்கிற இடம்தானே என்று அதை டிரைவருக்குப் பக்கத்திலிருந்த என்ஜின் மூடியில் வைத்தேன்.

பஸ் முந்தல் ஊருக்கு வந்தபோது பெட்டியிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"மீன் அவிஞ்சிட்டுப் போல, அண்ணே!" என்று கண்டக்டர் சிரித்தார்.

அந்தப் பெண் விழித்துப் பெட்டியைத் திறந்தார். வெந்நீரில் சின்னக் குழாய்கள் மிதந்தன.

"நாலு மாச வேலை," என்றார் மெல்ல.

"உள்ளுக்கு என்ன, மிஸ்?" என்றேன்.

"ஒருவகை ஆர்.என்.ஏ. உடம்பில புரதம் கட்டுறதுக்குச் சாமான் காவிக்கொண்டு போற நூல் மாதிரி. சரியா மடிஞ்சிருந்தாத்தான் வேலை செய்யும்," என்று டிக்கெட்டை மடித்துக் காட்டினார். "சூட்டில அவிழும். சூடு ஆறேக்க தானா மடியும். ஆனா சிலது பிழையா மடிஞ்சிடும்."

"அப்ப எல்லாம் பழுதா?"

"இல்லை அண்ணை. திரும்ப நல்லாச் சூடாக்கி, மெதுவா ஆறவிட்டாச் சரிவரும்."

நான் சிலாபத்தில் இறங்கினேன். கூச்சத்தில் பேர்கூடக் கேட்கவில்லை. சூட்டால் கெட்டதைச் சூட்டாலேயே திருத்த முடியுமா, அல்லது என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.