நான் திருத்தி வாசித்த பக்கம்

என் மகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. திருவனந்தபுரத்தில் பிறந்து மலையாளத்தில் படிக்கிற எங்கள் பிள்ளைகள் பலருக்கும் இதே கதைதான். கல்யாணமாகித் தென்காசியிலிருந்து இங்கே வந்த எனக்கு அதில் வருத்தம் உண்டு. போன வருடம் அது ஒரு சௌகரியமாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது அவள் ப்ளஸ் டூ. வலியசாலையில் எங்கள் தெருவைத் தாண்டியதும் ஒரு வாயனசாலை இருக்கிறது; நூலகத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சினிமா போட்டு, பார்த்து முடித்ததும் டீயைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வாக்குவாதம் செய்வார்கள். ஒரு படத்திலும் ஒரு பழைய நாவலிலும் வருகிற அடங்காத பிள்ளைகளை ஒப்பிட்டுக் கட்டுரை வாசிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். படத்தை அவளே தேர்ந்தெடுத்துவிட்டாள். ஏதோ வெளிநாட்டுப் படம். அதில் வருகிற பதினைந்து வயதுக்காரி கதவை அறைந்து சாத்துவாள், தட்டை உடைப்பாள், அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவாள், கடைசியில் வீட்டுக்கே திரும்பி வருவாள். நாவலுக்குத்தான் என்னிடம் வந்தாள்.

"அம்மா, நீ காலேஜ்ல படிச்சதுல அடங்காத பெண்ணு ஆராவது உண்டா?"

உண்டு என்று ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் சாயங்காலம் வாசிப்பது, அவள் துணி மடித்துக்கொண்டே கேட்பது என்று ஏற்பாடு.

உள்ளதைச் சொன்னால், நான் வாசித்தது அவள் முகத்தைத்தான். தொட்டதற்கெல்லாம் என்னோடு மல்லுக்கு நின்றவள், சில மாதமாக எது சொன்னாலும் "ஷெரி அம்மா" என்று போய்க்கொண்டிருந்தாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மனதில் என்னடி வைத்திருக்கிறாய் என்று நேரே கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். எந்த வரியில் சிரிக்கிறாள், எங்கே கை நிற்கிறது என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

நாவலில் வருகிற பெண் சத்தமே போடமாட்டாள். பதினாறு வயது, கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். சொன்ன வேலையெல்லாம் செய்வாள். அப்பாவின் சட்டைக்குப் பித்தான் தைத்து வைப்பாள், தம்பிக்குச் சோறு வடிக்கச் சொல்லிக் கொடுப்பாள். பிறகு ஒரு விடியற்காலையில் பள்ளிச் சான்றிதழோடு பஸ் ஏறிப் போய்விடுவாள். திரும்பி வரவே மாட்டாள். கல்லூரியில் படித்தபோது அவளுக்காக மனசுக்குள் கைதட்டியவள் நான். இப்போது அந்த இடம் நெருங்க நெருங்கத்தான், எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பஸ் நிலையம் வந்ததும் மகள் தலையணை உறையைப் பாதி மடிப்பில் விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்த நான் நாவலின் பெண்ணை வீட்டுக்குத் திருப்பிவிட்டேன். பஸ் வரவில்லை, மழை பிடித்துக்கொண்டது, நனைந்தபடி வீட்டுக்கு வந்தாள், அம்மா தலை துவட்டிவிட்டாள், சுபம். தடங்கலே இல்லாமல் வந்தது. இப்படிக் கதை கட்ட வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"கதை கழிஞ்சதா? பாக்கிப் பக்கம் இருக்கே?"

"அதெல்லாம் வேற புத்தகங்களோட விளம்பரம்" என்று மூடி வைத்தேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், கட்டுரையை எனக்கு வாசித்துக் காட்டினாள். மலையாளத்தில் நன்றாகவே எழுதியிருந்தாள். படத்துப் பெண் திரும்பி வந்ததை நம்ப முடிகிறதாம். தட்டை உடைக்கிறவள், சத்தம் கேட்டு யாராவது ஓடி வரவேண்டும் என்றுதானே உடைக்கிறாள்? நாவலின் பெண் அப்படி இல்லையாம். தம்பிக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தவள் திரும்பி வருவதற்காகவா கற்றுக்கொடுத்தாள்? அதுவரை அவளைப் புரிந்துகொண்டிருந்த ஆசிரியர் கடைசியில் பயந்துவிட்டார், அவளை ஏமாற்றிவிட்டார் என்று முடித்திருந்தாள்.

எனக்குக் காது சுட்டது. நாளைக்கு இதை இத்தனை பேர் முன்னால் வாசிப்பாள். எங்கள் தெருவிலேயே அந்த நாவலைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் எழுந்து, "அவ எங்கேம்மா திரும்பி வந்தா?" என்று கேட்டால் என் பிள்ளை என்ன செய்வாள்? தப்பு என்னுடையது. கோபம் மட்டும் அவள்மேல் வந்தது.

"அவ்வளவு பெரிய எழுத்தாளரைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல நீ யாருட்டி?"

"அப்பம் நீ சொல்லு, அவ எதுக்குத் திரும்பி வந்தா?"

"அவ வரலைட்டி. நான்தான் வர வெச்சேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "பாக்கி வாசி."

வாசித்தேன், ஒரு சொல் விடாமல். அந்தப் பெண் போனாள், வேலை தேடிக்கொண்டாள், கடிதம்கூடப் போடவில்லை. ஊரில் அவள் அம்மா, வருகிற பஸ்ஸிலெல்லாம் இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தில் வெட்கத்தை விட்டு அழுதேன்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நான் போறதுன்னா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது போவேன் என்பது மட்டும்தான்.

இத்தனை நாளாக ஒரு நாவலை நடுவில் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளையை உளவு பார்த்திருக்கிறேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எந்த ஊருக்கு?"

சொன்னாள். ரொம்ப தூரம்.