ஐப்பசியில் வந்த சேதி

அன்று மாலை ஆபீஸ் விட்டு வரும்போது நான் ரங்கூன் பக்கத்துத் தின்கன்ஜூன் ஸ்டேஷனில் இறங்கவில்லை. தூங்கிப்போனேன் என்று வீட்டில் சொன்னேன். தூங்குகிறவன் ஒரு தகரக் குழாயைப் பாம்பைப் பிடிப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் ஸ்டேஷன் தாண்டிப் போவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, மழையில் தண்டவாளத்தோரமாகவே திரும்பி நடந்தேன். வழியில் இரண்டு தவளைகள் என்னைப் பார்த்துப் பயந்தன. அன்று முழுதும் என்னைவிடக் கோழையாக நான் பார்த்தது அவற்றைத்தான்.

குழாய் என் தாயைப் பெற்ற தாத்தாவுடையது. அவர் மெட்ராஸ் பட்டாளத்தில் சிப்பாய். விக்டோரியா ராணி காலத்தில் கும்பினிப் படை ரங்கூனைப் பிடிக்கக் கப்பலேறியபோது, ஒரு பங்குனியில், அவரும் ஏறினார். திருச்சிப் பக்கத்து ஊரில் மனைவியும் ஆறு வயது மகனும் இருந்தார்கள். மனைவி வயிற்றில் என் அம்மா இருந்தாள். அவர் திரும்பவில்லை. ஐப்பசியில் அம்மா பிறந்த அன்றே அவர் செத்த சேதியும், கூடவே ஒரு காகிதமும் வந்தன. காகிதம் இங்கிலீஷில் இருந்தது. கொண்டுவந்தவன் வாயால் சொன்னதே போதுமென்று எல்லோரும் அழுதார்கள். காகிதத்தைக் குழாயில் போட்டு மூடினார்கள்.

செத்த நாள் தெரியாவிட்டால் சேதி கேட்ட நாளையே திதியாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியே வைத்துக்கொண்டார்கள். சில வருஷங்களில் அது சேதி வந்த நாள் என்பது எல்லோருக்கும் மறந்து, செத்த நாளே அதுதான் என்று ஆகிவிட்டது. ஒரு பெண் பிறந்த நாளும் அவள் அப்பன் திதியும் ஒன்றாக விழுந்தால் ஊர் சும்மா இருக்குமா? அப்பனை முழுங்கினவள் என்றது. ஊர் எப்போதாவது சொன்னதை அவள் அண்ணன், என் மாமா, சாகும்வரை விடாமல் சொன்னார்.

பத்து வருஷத்துக்கு முன் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது மாமா அந்தக் குழாயை என் கையிலேயே கொடுத்தார்.

"நீதான் கிளார்க்காச்சே மாப்ளே, படிச்சுச் சொல்லேன். ராணி தலை போட்ட பதக்கம் ஒண்ணும் இருந்துச்சு. அதை உருக்கி என் பேரனுக்கு அரைஞாண் பண்ணிட்டேன்."

"ராணி காவல்ல இருக்கான்னு சொல்லுங்க," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாகக் குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படிக்கிற கண்ணாடி ரங்கூனில் இருக்கிறதென்றேன். அது சட்டைப் பையில் இருந்தது. உள்ளே ஐப்பசி என்று எழுதியிருந்தால் அம்மாவிடம் எந்த முகத்தோடு போவேன்? அந்தக் கேள்விக்குப் பத்து வருஷமாகப் பதில் யோசித்தேன். வேடிக்கைப் பேச்சுதான் வந்தது, பதில் வரவில்லை.

மாமா செத்தார். அம்மாவும் என் வீட்டில் படுக்கையில் விழுந்தாள். கஞ்சிகூட இறங்காத நிலையில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இனி எத்தனை நாளோ. அங்க போனா எங்கப்பாவைப் பார்க்கணுமே. என்ன மூஞ்சியை வச்சிக்கிட்டு அவர் முன்னால நிப்பேன்? அந்தக் காயிதத்துல என்ன இருக்குன்னு கேட்டுச் சொல்லு."

மாமா மகனுக்கு எழுதினேன். குழாய் என் ஆபீஸ் விலாசத்துக்குப் பார்சலில் வந்தது. அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு அன்று ஊர் தாண்டிப் போனேன்.

ரயிலிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். உள்ளே என்ன இருந்தாலும் சரி, "நீ பிறக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாலயே போயிட்டார்" என்று சொல்லிவிடுவது. நடந்துவந்த வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்தேன். குரல் எங்கே இறங்க வேண்டும், எங்கே பெருமூச்சு விட வேண்டும் என்பதுவரை தயார்.

வீட்டில் நனைந்த சட்டையோடு நின்று குழாயைத் திறக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க படிக்கிறீங்களா, நான் படிக்கட்டா?"

"உனக்கு இங்கிலீஷ் தெரியாதேடி."

"எழுத்துத்தான் தெரியாது. உங்களாட்டம் கையும் நடுங்காது." பிடுங்கி மூடியைத் திருகினாள். பழுப்பேறிய ஒற்றைத் தாள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் எழுத்து போகவில்லை. நான் படித்தேன். பெயர், நம்பர், கம்பெனி. இறந்த இடம் ரங்கூன். காரணம் காய்ச்சல். மாதம் ஜூன்.

ஜூன் என்றால் ஆனி. அம்மா பிறந்ததற்கு நாலு மாதம் முன்னால்.

அப்படியே ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் சொல்றே."

"சத்தியமாம்மா."

"உங்கப்பாவுக்கு வைத்தியர் கைவிரிச்சப்பவும் இப்படித்தான் சத்தியம் பண்ணினே, வர்ற தைக்கு எழுந்து நடப்பாருன்னு." கண்ணை மூடிக்கொண்டாள். "போடா. நீ நல்ல பிள்ளை. எனக்காகப் பொய் சொல்றே."

பொய்யை அவ்வளவு நன்றாக ஒத்திகை பார்த்திருந்தேன்; உண்மை வந்தபோது அதுவும் அதே குரலில்தான் வெளியே வந்தது. ஆயுள் முழுதும் கோமாளி வேஷம் கட்டினவன் நெருப்பு நெருப்பென்று கத்தினால் கைதட்டத்தானே செய்வார்கள்? தாளை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவளுக்கு அது வெறும் கோடுகள்.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மியப் பள்ளிக்கூடத்து ஆசிரியை இருந்தார். சயாமா என்று தெருவே கூப்பிடும். அம்மாவுக்குக் கடைத்தெரு பர்மியப் பேச்சு வரும் என்பதால் இருவரும் சிநேகம். போய்க் கூட்டிவந்தேன். அவர் தாளை விளக்கருகே பிடித்து, வகுப்பில் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பர்மிய மொழியில் சொன்னார். பிறகு அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜூனிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டு வந்தார். அம்மா தன் கணக்கில் முணுமுணுத்தாள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. நாலு விரல் மடங்கியது. கட்டைவிரலில் வந்து நின்றது ஐப்பசி.

"நான் முழுங்கலே," என்றாள்.

என் மனைவி அழுதாள். நான் மூக்கைச் சிந்தினேன். அம்மா மட்டும் மடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நடுவிரலைத் தொட்டாள்.

"ஆவணியிலதானேடா எங்க ஆத்தாளுக்கு வளைகாப்பு?"

எனக்கு அது தெரியாது. அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

"ஆமாம். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினாங்களாம். ஊர்ப் பொம்பளைங்க சுத்தி நின்னு பாட, இவ வெக்கப்பட்டுச் சிரிச்சாளாம். அந்த ஒரு நாளைத்தான் எங்கிட்டச் சொல்லிச் சொல்லி வச்சிருந்தா." குரல் உடைந்தது. "அப்ப அவரு மண்ணுக்குள்ள ரெண்டு மாசம்."

சயாமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கையை விடவில்லை.

மறுநாள் காலை நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மாமா மகனுக்கு, ஊரில் பெரியவர்களுக்கு, இன்னும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும். அம்மா கேட்டாள், "என்ன எழுதறே?"

"ஆனி மாசம்னு எழுதறேம்மா. இனி எவன் வாயைத் திறக்கறான்னு பார்ப்போம்."

"எழுதாதே."

"ஏம்மா?"

"தாலியறுத்தவ வளையல் அடுக்கிக்கிட்டுச் சிரிச்சாள்னு சொல்லுவாங்கடா. தெரியாமத்தான் போட்டாள்னு எவ சொல்லப்போறா? என் பேரு எனக்குப் பழகிடுச்சு. எங்க ஆத்தா அந்த வளையல் கையோட இருந்துட்டுப் போகட்டும். எங்கப்பாவுக்கு விஷயம் தெரியும். எனக்கு அது போதும்."

தாளைச் சுருட்டிக் குழாயில் போடச் சொன்னாள். மூடி சரியாகத் திருகியிருக்கிறதா என்று என் மனைவியைத்தான் பார்க்கச் சொன்னாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள். காரியத்துக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர், வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, ஆறுதலாகத்தான், சொன்னார்:

"அப்பனை முழுங்கிட்டுப் பொறந்தாலும் உங்கம்மா பேரன் பேத்தி பார்த்துட்டா தம்பி. கொடுத்து வச்சவ."

ஆனி என்ற சொல் நாக்குவரை வந்தது. அவர் கைக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். "ஆமாங்கய்யா," என்றேன்.