கோலுக்கு முன் ஊதிய விசில்

தேரடித் தெருவில் தையல் கடை வைத்திருந்த சகாதேவன் வார நாட்களில் டெய்லர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபுட்பால் ரெப்ரி. கறுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால் சட்டையும் அவரே தைத்துக்கொண்டவை. என் தம்பி இருசப்பன் இன்று தன் கையால் சோறு பிசைந்து சாப்பிடுகிறான் என்றால் அதற்குக் காரணம் அவர்தான். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். நன்றியை எல்லோருக்கும் அள்ளி வீசுகிற பழக்கம் எனக்கு இல்லை. இவருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

1976-ல்தான் அவரை முதலில் பார்த்தேன். சடையன் என்ற ஆட்டக்காரரை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சடையன் கணுக்கால் பிசகி விழுந்தபோது அவருடைய அணி ஒரு கோல் முன்னால் இருந்ததாம். நேரத்தைக் கடத்த நடிக்கிறார் என்று நினைத்து, ஆட்டத்தை ஓட விட்டிருக்கிறார் சகாதேவன். அதற்குள் இன்னொருவர் பூட்ஸோடு அதே காலில் ஏறிவிட, எலும்பு முறிந்துவிட்டது.

விதி சகாதேவன் பக்கம்தான் இருந்தது. லேசான அடி என்று ரெப்ரிக்குத் தோன்றினால், பந்து கோட்டுக்கு வெளியே போகும்வரை ஆட்டம் நடக்கலாம். பலத்த அடி என்றால் உடனே நிறுத்த வேண்டும். எது லேசு, எது பலம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். மாவுக்கட்டுப் போட்டு முடிக்கும்வரை வார்டு வாசலிலேயே நின்றார்.

"நடிக்கிறவன் யாரு, நெஜமா அடிபட்டவன் யாருன்னு எப்படி சிஸ்டர் கண்டுபுடிக்கிறது?"

"அத நீங்க கண்டுபுடிக்கவே வேணாங்க. கத்துறவனுக்கு மூச்சு இருக்குது, கொஞ்சம் காத்திருப்பான். தலையில அடி, கழுத்துல அடி, விழுந்தவன் அசையல, இல்ல நாலு பேரு மிதிக்கிற எடத்துல கெடக்கிறான், இதுக்கெல்லாம் யோசிக்காதீங்க. ஊதுங்க."

"ஏமாத்திட்டான்னா?"

"ரெண்டு நிமிஷம் போவும். போவட்டுமே."

அதற்குப் பிறகு அவருடைய விசில் ஜாஸ்தியானது. "ஊசி குத்தினாக்கூட ஊதுவாருப்பா நம்ம டெய்லர்" என்று மைதானத்தில் கிண்டல் செய்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே ஊதினார்.

1982 பொங்கல் போட்டி. ஃபைனலில் எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரும் டவுன் அணியும் மோதின. நான் முதலுதவி மேஜையில் இருந்தேன். கடைசிப் பத்து நிமிஷம் வரை கோல் விழவில்லை. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்ததும், பின்வரிசையில் ஆடிய என் தம்பியும் முன்னால் ஓடினான். அவனும் டவுன்காரர் ஒருவரும் ஒரே பந்துக்கு எகிற, மண்டையோடு மண்டை மோதியது. தம்பி தலைகுப்புற விழுந்தான். பந்து எங்கள் ஊர் முருகையன் காலடியில் வந்து விழுந்தது. எதிரே கோல் காலி. முருகையன் காலை ஓங்கினார்.

சகாதேவன் ஊதிவிட்டார். அதற்கப்புறம் வலைக்குள் போன பந்து கணக்கில் இல்லை.

"யோவ் டெய்லர், இன்னாய்யா பண்ண? விழுந்தவன் எங்க ஆளு, எங்க கோலையே நிறுத்தறியே!" என்று முருகையன் அவர்மேல் பாய்ந்தார்.

ஜனம் உள்ளே ஓடி வந்தது. தம்பியின் கை வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்து, "வலிப்புடா, சாவிக்கொத்தக் கைல குடு!" என்று ஒருவர் கத்தினார். ஒருவர் சோடாவோடு வந்தார். இருவர் அக்குளில் கை விட்டுத் தூக்கப் பார்த்தார்கள். விழுந்தவனைத் தூக்கி நிறுத்திக் குதிக்க வைப்பதுதான் எங்கள் பக்கத்து மைதான வைத்தியம். சகாதேவன் தம்பிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்றுகொண்டார்.

"எவனாவது தொட்டீங்க, ஆட்டம் கேன்சல். கப்பு ரெண்டு ஊருக்கும் இல்ல."

கப்பு என்றதும் கைகள் பின்வாங்கின. நான் போய்த் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"கால் எங்க இருக்குதுன்னே தெரியலக்கா" என்றான் தம்பி.

சகாதேவன் மைதானத்தை ஒட்டியிருந்த பள்ளிக்கூட வகுப்பிலிருந்து கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு வரச் செய்தார். அதில் படுக்க வைத்து, வேனில் ஏற்றி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கழுத்தெலும்பில் விரிசல். தூக்கி நிறுத்தியிருந்தால் கையும் காலும் போயிருக்கும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் கால் கட்டைவிரல் அசைந்தது. நான்கு மாதத்தில் நடந்தே வீட்டுக்கு வந்தான். இனி ஆடக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தக் கப்பை டவுன் அணி ஜெயித்தது. மறு வருஷம் போட்டிக் கமிட்டிக் கூட்டத்தில், "டெய்லர் ஊதினா நாங்க எறங்க மாட்டோம்" என்றார் முருகையன். இரண்டு அணியும் ஒப்புக்கொண்டவர்தான் ரெப்ரி என்பது அங்கே வழக்கம். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த சகாதேவன் விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த தம்பி எழுந்தான். கழுத்தை வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான்.

"முருகையா, இதுக்குப் பதிலா அந்தக் கோல் வேணுமா ஒனக்கு? வேணும்னா சொல்லு, நான் போயிடறேன்."

முருகையன் எழுந்து மேஜைக்கு வந்தார். பிறகு, "ஒன்னோட பேச முடியாதுடா" என்று சொல்லி, விசிலை எடுத்துத் தானே சகாதேவனிடம் கொடுத்தார்.

அந்த வருஷ ஃபைனலில் சகாதேவன் மூன்று முறை ஆட்டத்தை நிறுத்தினார். மூன்றும் நடிப்பு, மேஜையிலிருந்தே எனக்குத் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று தடவையும் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள்.