தென்னைகளுக்குக் கிடைத்த ஆராய்ச்சி

எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுச் சுவர் சரிந்து என் மூத்த சகோதரி ராத்தாவை மூடிவிட்டது. மறுநாள் பகல்தான் கல்லையும் ஓட்டையும் விலக்கி அவரை வெளியே எடுத்தோம். எலும்பு ஒன்றும் முறியவில்லை. நிவாரண அதிகாரி 'சுகம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் தொடங்கியது. காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், ராத்தாவுக்கு மூச்சு இறுகும், நெஞ்சு படபடக்கும். முப்பத்தைந்து வயதிலேயே பிரஷர். நான் கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கும் பலர் இதே முறைப்பாட்டோடு வந்தார்கள். எங்கள் டொக்டர் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பாதிப்பேர் அன்று இடிபாட்டுக்குள் கிடந்தவர்கள்.

"இது தற்செயலோ இல்லையோ எண்டு பாக்கத்தான் வேணும்" என்றார்.

ஐந்து வருடம் இவர்களைத் தொடர்ந்து பரிசோதிக்க ஓர் ஈசிஜி இயந்திரமும் ஒரு தாதியும் கேட்டுக் கொழும்புக்கு எழுதினோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: நிவாரணப் பணிகள் முடிந்துவிட்டன, ஆராய்ச்சிக்கு நிதி இல்லை. யாருக்கு முடிந்தது? கடிதத்தைக் கிழிக்கப் போன என் கையை டொக்டர் பிடித்துக்கொண்டார்.

அதே மாதம் எங்கள் வளவுக்குப் பின்னால் இருந்த தோட்டத்தில், சூறாவளிக்குத் தப்பிய தென்னைகளுக்கு வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டார்கள். புயல் பட்ட மரம் நாட்செல்ல என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியாம். அதற்கு ஜீப் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காய் எண்ண உத்தியோகத்தர் இருந்தார்.

ஒருநாள் ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வேலியோரம் போய் அந்த உத்தியோகத்தரைக் கூப்பிட்டார்.

"மகன், என்னயும் எழுதுங்க. நானும் அந்தப் புசல்லதான் உழுந்தன்."

அவர் சிரித்தார். "உம்மா, நாங்க மரம் மட்டும்தான் பாக்குற."

"மரம் காய்க்கும். அதான் பாக்குறீங்க, என்ன?"

ராத்தா சிரிக்கவில்லை. உத்தியோகத்தர் பேனாவை மூடிக்கொண்டு தலை குனிந்தார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நாங்களே பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதினோம். டொக்டருக்கு இடமாற்றம் வந்தது. பிரஷர் பார்க்கும் அவருடைய சொந்தக் கருவியும் அவரோடு போனது. இரண்டாவது விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை.

எண்பத்தேழில் ராத்தா பாரிசவாதத்தில் விழுந்து மௌத்தானார். ஆசுபத்திரிக் கிளார்க் நீட்டிய மரணப் படிவத்தில் முந்திய நோய் எதுவும் இல்லை என்றிருந்தது.

"கையெழுத்து வைங்க" என்றார்.

நான் வைக்கவில்லை. கொப்பியை எடுத்துவந்து அவர் மேசையில் விரித்து, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக வாசித்தேன்.