பதினோராம் வால்வு

கம்பிக்காரி என்ற பெயர் முதன்முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது, சின்ன நாத்தனாரின் கொழுந்தன் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய அன்று. "ரோட்டுல கம்பிய ஊனிக் காதை வச்சுக்கிட்டு நிக்கிறா அண்ணி. மண்ணுக்குள்ள குழாய் ஒழுகுறது கேக்குதாம். நான் பேசினதுதான் கேக்கல," என்றான். ஆனாலும் அவளையே கட்டினான்.

தண்ணீர் ஆபீசில் ஒன்பது வருடமாக அவள் தற்காலிகம்தான். இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்த் தண்ணீர் ஆபீஸ் ஒன்று இவர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அந்த ஆட்கள் வந்து, கூடவே தெருவில் நின்று வேலை பழக்கினார்கள்: தெருக்களைப் பகுதியாகப் பிரி, எல்லை வால்வுகளை மூடு, நுழைகிற குழாயில் மட்டும் மீட்டர் வை, எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அப்போது நூறு குடத்தில் நாற்பது காணாமல் போனது. இருபதுக்குள் வந்தால் கூட்டு நீடிக்கும், அவளையும் சேர்த்துக் கசிவுப் பிரிவின் ஆறு பேரும் நிரந்தரம்.

கூட்டால் என்ன பலன் என்று அளக்க ஓர் அம்மாள் வந்தாள். மூன்று நாள் அளந்ததில் பதினாலு. கசிவுப் பிரிவு மேஸ்திரிக்கு முகமெல்லாம் பல். கம்பிக்காரியோ நம்பவில்லை. ஒழுகல்களை அடைத்த கைக்குத் தெரியாதா, பதினாலுக்கெல்லாம் இறங்காது என்று.

மறுநாள் காலை, அறிக்கையில் கையெழுத்தாக இரண்டு மணி நேரம் இருக்கையில், எல்லை வால்வு ஒவ்வொன்றிலும் கம்பி வைத்துக்கொண்டே போனாள். மூடிய வால்வு ஊமையாக இருக்க வேண்டும். பதினோராவது இரைந்தது. மற்றதெல்லாம் வலப்பக்கம் திருகினால் மூடும். பழைய காலத்து வால்வான இது மட்டும் இடப்பக்கம். போன வாரம் அதை வலப்பக்கம் திருகியவள் அவளேதான். பக்கத்துப் பகுதித் தண்ணீர் மீட்டரைத் தொடாமலே உள்ளே வந்துகொண்டிருந்தது; கணக்கில் ஒழுகல் குறைந்து தெரிந்தது அதனால்தான்.

"வாயை மூடிக்கிட்டு இரு தாயி," என்றார் மேஸ்திரி. "அஞ்சு பேர் வயித்துல அடிக்காத."

"திருகினது நான் அண்ணே."

"அதான் சொல்றேன். மொதல்ல வீட்டுக்குப் போறது நீதான்."

ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்றாள். கம்பி கையிலேயே இருந்தது. உள்ளே அம்மாள் பேனா மூடியைத் திறந்தாள்.

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க. பதினோராம் வால்வு தெறந்து கெடக்கு."

"யார் மூடினது?"

"நான்தான்."

அம்மாள் அவளைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள். "எட்டு ஊர் அளந்துட்டேன். வால்வுல காது வச்சுப் பாக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல," என்று பேனாவை மூடினாள்.

வால்வை இடப்பக்கம் திருகி மறுபடி மூன்று நாள் அளந்தார்கள். இருபத்தாறு. வால்வு சமாச்சாரத்தையும் சேர்த்தே அம்மாள் எழுதினாள். நாற்பதிலிருந்து இறங்கியிருக்கிறதே என்று கூட்டு ஆறு மாதத்துக்கு மட்டும் நீண்டது. யாரும் நிரந்தரம் ஆகவில்லை. மேஸ்திரி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

கம்பிக்காரி இப்போதும் அதே பிரிவில்தான் இருக்கிறாள், பத்தாவது வருடமாகத் தற்காலிகத்தில்.