முயல் சாரின் வயிறு

மதிய இடைவேளை வந்ததும் அவர் ஊழியர் அறையின் மூலை மேசையில் உட்கார்ந்து, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, ஒரு கீற்றுப் பச்சை முட்டைக்கோஸை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மெல்லும்போது பேச்சு கிடையாது. யாராவது ஏதாவது கேட்டால் ஆள்காட்டி விரல் மட்டும் உயரும். கேட்டவர் டீயைக் குடித்து முடித்து, கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன பிறகுதான் அந்த விரல் இறங்கும். "அரைக்கிற வேலைய வாய்தாங்க செய்யணும். வயித்துல என்ன பல்லா இருக்கு?" என்பார், கேட்க ஆள் இல்லாத மேசையைப் பார்த்து.

மருத்துவமனையில் அவருக்கு முயல் என்று பெயர். முகத்துக்கு நேரே முயல் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் முயல். அவருக்கும் தெரியும். கோபம் வராது. "முயலுக்கு மூட்டுவலி வந்து பாத்திருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்பார்.

காது பரிசோதிப்பது அவர் வேலை. நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் அவருடைய அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு அட்டை, தரையில் கனத்த கம்பளம், குளிர்சாதனப் பெட்டியின் கதவைப் போலத் தடித்த கதவு. அதைச் சாத்திவிட்டால் சட்டைக் கை உரசுவதுகூடக் கேட்கும். பெரியவர்களுக்கு ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார். கைக்குழந்தைகளுக்குப் பொத்தான் ஏது? அம்மாவின் மடியில் உட்கார வைத்து, எதிரே நர்ஸம்மா ஒரு பொம்மையைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் பூனை மாதிரி பின்னால் போய் நின்று, காதுக்குச் சற்றுத் தள்ளிக் கிலுகிலுப்பையை மெல்ல ஆட்டுவார். குழந்தை திரும்பினால் கேட்கிறது என்று பொருள். ஒவ்வொரு கிலுகிலுப்பைக்கும் ஒரு குரல் உண்டு. கனத்த சத்தம் ஒன்று, ஊசி போல மெல்லிய சத்தம் ஒன்று. இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று தலைமை மருத்துவரே சொல்வார்.

பச்சைக் காய்கறிக்கு அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் ஆள் பீப்பாய் மாதிரி இருந்தார். முதல் மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசிக்கிறவரைப் போல நிற்பார். கல்லீரலில் கொழுப்பு என்று மருத்துவர் பயமுறுத்தினார். பயந்தவர் இறைச்சியை விட்டார், முட்டையை விட்டார், பாலை விட்டார். கைபேசியில் யாரோ ஒருவர் நெருப்பு தொட்ட உணவெல்லாம் செத்த உணவு என்று பேசியதைக் கேட்டு, கடைசியில் அடுப்பையே விட்டார். பலன் இல்லாமல் இல்லை. வயிறு வற்றியது. பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. மாடிப்படி அவருக்குத் தரை மாதிரி ஆகிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்யும் அநியாயம்.

வினை என்னவென்றால், தனக்கு நல்லது நடந்ததும் ஊருக்கே நடத்திவைக்கக் கிளம்பிவிட்டார். மருந்துக்கடைப் பெண்ணின் தலைவலிக்குப் பீட்ரூட் சாறு சொன்னார். மச்சான் வீட்டுக்கு விருந்துக்குப் போய், மேசையில் ஆவி பறக்க வைத்திருந்ததையெல்லாம் பார்த்து, "அருமையாத்தான் இருக்கு. ஆனா அத்தனையும் பிணம்" என்றார். மச்சான் அதன்பிறகு போன் செய்வதில்லை. வாசல் காவலாளியிடம் கை மேல் கை அடித்துச் சத்தியமே வாங்கினார், அடுப்பில் ஏறியதைத் தொடமாட்டேன் என்று. மனைவி மட்டும் தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொண்டாள். "எனக்கு ஒரு சந்தேகங்க. நான் கட்டிக்கிட்டது உங்களையா, காய்கறிக் கடையையா?" என்பாள்.

மழைக்காலம் வந்ததும் உடம்பு முரண்டு பிடித்தது. விரல்கள் சில்லிட்டன. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டது. பிறகு சத்தம் தொடங்கியது. சாதாரணச் சத்தமல்ல. மாடியில் யாரோ மேசையை இழுப்பது போலத் தொடங்கி, இழுத்த மேசை படியில் உருள்வது போல முடியும்.

"உள்ள தங்கியிருந்த பழைய கழிவெல்லாம் கிளம்புது" என்று விளக்கினார்.

"எத்தனை மாசமா சார் கிளம்புது?" என்றாள் நர்ஸம்மா. "பஸ்ஸா இருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்து திரும்பியிருக்குமே."

ஒருநாள் வயதான நோயாளி ஒருவர் ஹெட்ஃபோனை மாட்டும் முன்பே கையைத் தூக்கிவிட்டார். "கேட்டுச்சு சார். இடி மாதிரி நல்லாவே கேட்டுச்சு." நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். அன்று மாலை கழிவறைக்குள் போய் வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். முட்டைக்கோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசிவிட்டு, இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு டப்பாவை மாற்றுவது?

அப்படி ஒரு நாளில்தான் அந்தக் குழந்தை வந்தது. இன்னும் நடக்கத் தொடங்காத பெண் குழந்தை, கன்னத்தில் குழி. அப்பா லேத் பட்டறையில் வேலை செய்பவர். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பது அவருடைய கவலை. அம்மாவுக்கோ அந்தக் கவலை மேலேயே கோபம்.

"இவரு பட்டறையில கத்திக் கத்திப் பேசிப் பழகினவரு சார். எல்லாரும் அதே மாதிரி திரும்பணும்னு நெனக்கிறாரு" என்றாள். தறிச் சாலையில் அரை நாள் விடுப்பு கேட்டு வாங்கி வந்திருந்தாள். கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குழந்தையோடு உள்ளே வந்தாள்.

கதவு மூடியது. நர்ஸம்மா துணி வாத்தை ஆட்டினாள். இவர் பின்னால் நின்று மெல்லிய சத்தக் கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் போய் ஆட்டினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கிக் குனிந்தார். குனிந்ததுதான் தாமதம், வயிறு தன் மேசையை இழுக்கத் தொடங்கிவிட்டது. இழுத்து, உருட்டி, படியிறக்கி, நிதானமாக முடித்தது.

குழந்தை சட்டென்று திரும்பியது. அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கன்னத்தில் குழி விழச் சிரித்தது.

"திரும்பிட்டா! பாத்தீங்களா சார், திரும்பிட்டா!" அம்மாவுக்குக் குரல் உடைந்தது. வயிற்றின் சத்தம் அவள் காதில் ஏறவே இல்லை; அவள் கேட்ட ஒரே சத்தம் அவளுடைய நெஞ்சின் சத்தமாக இருந்திருக்க வேண்டும். நர்ஸம்மா வாத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

இவருக்குக் காது மடல் எரிந்தது. கழுத்து எரிந்தது. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான்: அம்மா, அது என் வயிறு, இன்னொரு முறை பார்ப்போம். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்து, நர்ஸம்மாவின் குலுங்கும் தோளைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது. அந்த அறையை விட்டு வெளியேறினால் போதும் என்றிருந்தது.

"சரிம்மா. நல்லா இருக்கு. போயிட்டு வாங்க."

தாழ்வாரத்தில் அவள் கணவரிடம் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. "இப்ப திருப்திதானே? இனிமே என் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க." அந்த மனிதர் குழந்தையை வாங்கி, அதன் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார்.

அதற்கப்புறம் ஊழியர் அறையில் அவருடைய பிரசங்கம் நின்றுபோனது. யாராவது சூடாக எதையாவது ஊதிக் குடித்தாலும் பார்க்காதது போலிருந்தார். வீட்டிலும் அப்படியே. ஒரு மாலை மனைவி துணி மடித்தபடி, "என்ன, காய்கறிக் கடைய மூடிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் சொன்னார். குழந்தை திரும்பியதைச் சொல்லும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சரி, அந்தக் கொழந்தைக்குக் கேக்குதா, இல்லையா?"

"தெரியல."

"தெரியாமயா அனுப்புனீங்க?"

அவள் துண்டைக் கீழே வைத்தாள். "உங்க வைராக்கியம் உங்க உடம்போட நிக்கும்னுல நான் நெனச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மறுநாள் போன் செய்தார். இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றதும் அந்த அம்மா பதறினாள். "ஏன் சார்? நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. கருவியில சின்னக் கோளாறு." போனை வைத்த பிறகுதான் இன்னொரு பொய்யும் சேர்ந்துகொண்டதை உணர்ந்தார்.

அவர்கள் மறுபடி வந்த அன்று மனைவி பூசணியும் கேரட்டும் ஒரு துளி உப்போடு குழைய வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள். ஊழியர் அறைக்குப் போக மனம் வரவில்லை. துடைப்பமும் வாளியும் வைக்கும் சின்ன அறைக்குள் நின்றபடியே, திருடித் தின்பவரைப் போலச் சாப்பிட்டார். சூடு தொண்டையில் இறங்கி நெஞ்சில் பரவியபோது உடம்பு கொடுத்த நிம்மதி அவருக்கே அவமானமாக இருந்தது.

இந்தமுறை கணவரும் அறைக்குள் வந்தார். மேசையில் கிடந்த கிலுகிலுப்பையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதுதான் சார் கருவியா?"

"ஆமாம்."

"நான் லேத்துல நிக்கிறவன். எனக்கும் கருவி தெரியும். இதுல என்ன சார் கோளாறு வரும்?"

நர்ஸம்மா வாத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தார்.

"கோளாறு கருவியில இல்லங்க. என் வயித்துல." நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னார். "நான் வெறும் பச்சைக் காய்கறி சாப்பிடறவன். அது எனக்கு ஒத்துக்கல. வயிறு சத்தம் போடும். அன்னைக்குப் பாப்பா திரும்பினது கிலுகிலுப்பைக்கு இல்ல. அந்தச் சத்தத்துக்கு. எனக்கு அப்பவே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா குழந்தையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"நான் வீட்டுக்குப் போயி இவரோட சண்ட போட்டேன் சார்" என்றாள் மெதுவாக. "ஒரு வாரமா இவரு வாயே தெறக்கல, தெரியுமா?"

கணவர் கிலுகிலுப்பையை இருந்த இடத்திலேயே வைத்தார். "பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

கதவு மூடியது. அறை அமைதியாக இருந்தது. அவர் வயிறும் அமைதியாக இருந்தது. மெல்லிய சத்தத்துக்குக் குழந்தை இருபக்கமும் திரும்பவில்லை. கனத்த சத்தத்துக்குத் திரும்பி, யாரைக் கண்டாலும் சிரிப்பது போல அவரைப் பார்த்தும் சிரித்தது. அம்மா இந்தமுறை எல்லாச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பெரிய மருத்துவமனையில் குழந்தையைத் தூங்கவைத்துச் சோதித்து, குறை இருப்பதை உறுதி செய்தார்கள். சீக்கிரமே தெரிந்ததால் பேச்சு கெடாது, காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி போதும் என்றார்கள். நடந்ததைத் தலைமை மருத்துவரிடம் இவரே போய்ச் சொன்னார். அவர் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. "உங்களை நம்பித்தானே நான் மறுபடி பாக்கறதில்ல" என்றார். அதன்பிறகு சில மாதம் இவர் பார்த்த ஒவ்வொரு குழந்தையையும் இன்னொருவரும் பார்த்தார்.

மூலை மேசை அப்படியேதான் இருக்கிறது. டப்பாவில் மட்டும் மாற்றம். பாலும் இறைச்சியும் இன்னும் இல்லை. அது அவருக்கு ஒத்துப்போகிறது. காலையில் பப்பாளியும் வெள்ளரியும் பச்சையாக. மதியம் வெந்தது, சூடாக. முட்டைக்கோஸ் வெந்தாலும் ஆகாது என்பதையும் கண்டுகொண்டார். இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "எனக்கு இது. உங்களுக்கு எதுன்னு உங்க வயித்தத்தான் கேக்கணும்" என்பார், தலையை நிமிர்த்தாமல். மச்சான் வீட்டுக்குப் போய் இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டு வந்தார். காவலாளியிடம் போய், "அண்ணே, அந்தச் சத்தியத்த விட்டுடுங்க. நல்லா வேகவச்சே சாப்பிடுங்க" என்றார்.

"நான் என்னைக்கு சார் வெந்தத விட்டேன்?" என்றார் காவலாளி, பரிவோடு. "உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் ஒளிச்சு வச்சுத் தின்னுட்டிருந்தேன்."

கருவியைச் சரிபார்க்க அந்தக் குடும்பம் அவ்வப்போது வருகிறது. இவருடைய அறைக்கு அல்ல, எதிர் அறைக்கு. கணவர் நர்ஸம்மாவிடம் நலம் விசாரிப்பார். இவர் பக்கம் திரும்பமாட்டார். அந்த அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுவாள். அவர்கள் தாழ்வாரத்தில் வரும்போது இவர் அறைக்கு வெளியே போட்ட மேசையில் இருந்தால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார். அவர்கள் போய் முடியும்வரை உட்காரமாட்டார்.

சென்றமுறை எழுந்தபோது நாற்காலியின் கால் சிமெண்டுத் தரையில் உரசிக் கிரீச்சென்றது. மெல்லிய, ஊசிச் சத்தம். அம்மாவின் தோளுக்கு மேலிருந்து குழந்தை திரும்பிப் பார்த்தது. காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஏதோ மின்னியது. அம்மா நடந்துகொண்டேயிருந்தாள். அவர் நின்றபடியே கையைப் பின்னால் கொண்டுபோய், யாருக்கும் தெரியாமல், நாற்காலியை இன்னொரு தரம் இழுத்தார்.